கிளையண்டுக்கும் சேர்த்து டெட்லைன் போடுங்க: கம்பெனி வீடியோ வேலைல புதுசா இறங்கறவங்களுக்கு

நான் கோயம்புத்தூர்ல இருந்துட்டு கம்பெனி வீடியோ பண்றேன். திருப்பூர் கார்மெண்ட்ஸ், பம்ப் கம்பெனி, ஆஸ்பத்திரி, காலேஜ், இந்த மாதிரி 2 நிமிஷத்துலருந்து 5 நிமிஷம் வரைக்கும் வர்ற வீடியோக்கள். டீம்னு பார்த்தா நான், ஒரு எடிட்டர், மத்தவங்க எல்லாம் அன்னன்னைக்கு கூப்பிடற ஆளுங்க. ஆரம்பிச்ச புதுசுல ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு 25 நாள்ல முடிச்சு தர்றேன்னு ஒத்துக்கிட்ட வேலை 5 மாசம் இழுத்துச்சு, அந்த 5 மாசமும் பேலன்ஸ் பணம் வரல, எடிட்டருக்கு சம்பளம் கைக்காசுல போட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம் பழைய வாட்ஸ்ஆப்பையும் மெயிலையும் எடுத்து வச்சு எந்தெந்த நாள் வேலை யார்கிட்ட இருந்துச்சுன்னு ஒரு நோட்ல எழுதி பார்த்தேன். 150 நாள்ல என் டேபிள்ல இருந்தது 31 நாள், மீதி எல்லாம் அவங்க பதிலுக்காக காத்திருந்த நாள். ஆனா நான் குடுத்த கொட்டேஷன்ல எனக்கு மட்டும்தான் தேதி இருந்துச்சு, அவங்க எப்ப பார்க்கணும் எப்ப சொல்லணும்னு ஒரு வரிகூட இல்ல. அவங்க வேணும்னு இழுக்கல, அவங்களுக்கு ஒரு தேதி இருக்குன்னே யாரும் சொல்லல.

அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி இப்ப ஒரு முறை செட் ஆயிருக்கு. அதைத்தான் கீழ வரிசையா எழுதியிருக்கேன். கல்யாண வீடியோவுக்கு இது அப்படியே பொருந்தாது.

1. கடைசி தேதி எதுக்குன்னு கேளுங்க

"சீக்கிரம் வேணுங்க", "இந்த மாசக் கடைசிக்குள்ள" இதெல்லாம் தேதி கிடையாது. அந்த வீடியோவ எங்க, என்னைக்கு, யாருக்கு போட்டு காட்டப் போறாங்கன்னு கேளுங்க. பதில் ரெண்டு விதமா வரும். ஒண்ணு நகராத தேதி: கொடிசியால (கோயம்புத்தூர் கண்காட்சி வளாகம்) ஸ்டால் போடறாங்க, புது யூனிட் திறப்பு விழா இருக்கு, வெளிநாட்டு பையர் வர்றாரு. இன்னொண்ணு நகரக்கூடிய தேதி: வெப்சைட்ல போடணும், யூடியூப்ல போடணும். நகராத தேதின்னா அந்த தேதிய உங்க டெலிவரி தேதியா எழுதிக்காதீங்க. ஸ்டால்ல எல்இடி வால் (வீடியோ ஓடற பெரிய திரை) போடறவர் ஃபைல ரெண்டு நாள் முன்னாடியே கேட்பாரு, அதோட அந்த வால் சைஸ் வழக்கமான 16க்கு 9 அளவுல இருக்காது, அகலமா நீட்டமா ஏதோ ஒரு அளவுல இருக்கும், அதுக்குத் தனியா ஒரு வெர்ஷன் பண்ணணும். அதனால விழா 20ஆம் தேதின்னா உங்க டெலிவரி 16ஆம் தேதி. எல்இடிகாரர் நம்பரை முதல் வாரத்துலயே வாங்கி பிக்சல் அளவு கேட்டு வச்சுக்கங்க. நான் ஒரு தடவை முந்தின நாள் சாயந்தரம் கேட்டேன், ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லா கிராஃபிக்ஸையும் மறுபடி அடுக்க வேண்டியதாயிடுச்சு.

நகரக்கூடிய தேதின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா அந்த வேலைங்கதான் மாசக்கணக்கா இழுக்கும். அதுக்கு நாமளே ஒரு தேதி சொல்லி அதை அவங்க வாயால ஒத்துக்க வைக்கணும்.

2. ஓகே சொல்லப்போற ஒரே ஆள் யாரு

இதைக் கேட்காம ஸ்கெட்யூல் போடறது வீண் வேலை. பெரும்பாலும் நம்மகிட்ட பேசறது மார்க்கெட்டிங்ல இருக்கற ஒரு தம்பியோ எச்ஆர் மேடமோதான். அவங்க ஸ்கிரிப்ட்டுக்கு ஓகே சொல்வாங்க, ரஃப் கட்டுக்கு (காட்சிகளை வரிசையா மட்டும் அடுக்கின முதல் எடிட்) ஓகே சொல்வாங்க, கடைசி நாள் எம்டி பார்ப்பாரு, "அந்த பழைய பில்டிங்கை ஏன் காமிச்சீங்க, நம்ம புது டையிங் யூனிட் எங்க"ன்னு கேட்பாரு. அந்த யூனிட்ல நாம ஷூட்டே பண்ணியிருக்க மாட்டோம். எனக்கு அந்த 5 மாச வேலைல நடந்தது இதுதான்.

அதனால முதல் மீட்டிங்லயே மரியாதையா கேட்டுடுங்க: "சார், கடைசியா யாரு பார்த்து முடிவு சொல்வாங்க? அவங்க ஸ்கிரிப்ட்டையும் ரஃப் கட்டையும் பார்த்தா போதும், நடுவுல நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம்." எம்டிக்கு நேரம் இல்லைன்னு சொன்னா, இந்த ரெண்டு இடத்துல மட்டும் 20 நிமிஷம் வேணும்னு சொல்லி அந்த ரெண்டு தேதியையும் அவர் பிஏ கிட்ட குறிச்சு வைக்கச் சொல்லுங்க. குடும்பக் கம்பெனின்னா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் டைரக்டரா இருப்பாங்க, பெரியவர் ஓகே சொன்னத சின்னவர் மாத்துவாரு, அங்க நாம யார் பக்கமும் நிக்க முடியாது. ரெண்டு பேர் கருத்தையும் சேர்த்து எழுதி ஒரே மெயிலா அனுப்பறது யார் பொறுப்புன்னு கேட்டு அந்தப் பேரை எழுதிக்கங்க.

3. பின்னாடியிருந்து எண்ணுங்க

எல்லாரும் இன்னைக்குல இருந்து முன்னாடி எண்ணுவாங்க, அப்படி எண்ணினா கடைசில எடிட்டிங்குக்குத்தான் நாள் பத்தாம போகும். டெலிவரி தேதில இருந்து பின்னாடி வாங்க. 3 நிமிஷ ஃபேக்டரி வீடியோவுக்கு நான் போடற கணக்கை இங்க தர்றேன், எல்லாம் வேலை நாள், வாரத்துக்கு 6 நாள்.

கடைசில 4 நாள் சும்மா விட்டுடுங்க, இது நம்ம பாதுகாப்புக்கு. அதுக்கு முன்னாடி ஃபைனல் மிக்ஸிங்கும் செக்கிங்கும் 1 நாள். வாய்ஸ் ஓவர், மியூசிக், கலர், கிராஃபிக்ஸ் 4 நாள். ஃபைன் கட்டை (ரஃப் கட்டைத் திருத்தி முடிச்ச எடிட்) கிளையண்ட் பார்க்க 1 நாள், அதை நாம பண்ண 2 நாள். ரஃப் கட்டை கிளையண்ட் பார்க்க 2 நாள், அதை பண்ண 4 நாள். ஃபுட்டேஜ் காப்பி பண்ணி பிரிச்சு அடுக்க 1 நாள். ஷூட் 2 நாள். ஷூட்டுக்கு ஆள், சாமான், அனுமதி ரெடி பண்ண 3 நாள். ஸ்கிரிப்ட் திருத்தம் 2 நாள், கிளையண்ட் படிக்க 2 நாள், எழுத 4 நாள். இடம் பார்க்கறதுக்கும் முதல் பேச்சுக்கும் 3 நாள். கூட்டினா 35 நாள், கிட்டத்தட்ட 6 வாரம். இதுல கிளையண்டோட நாள் 5. இந்த 5 நாளைத்தான் நான் சிவப்பு கலர்ல போடுவேன், ஏன்னா வேலை நிக்கறது எப்பவும் அங்கதான்.

15 நாள்ல வேணும்னு கேட்டா முடியாதுன்னு உடனே சொல்ல வேண்டாம். இந்த கணக்கை அவங்க முன்னாடி வச்சு எதைக் குறைக்கலாம்னு சேர்ந்து பாருங்க. ஷூட் ஒரு நாளாகும், திருத்தம் ஒரு தடவையாகும், கிளையண்ட் அன்னைக்கே பார்த்து அன்னைக்கே சொல்லணும். அந்த 4 நாள் பாதுகாப்பை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, ரொம்ப நெருக்கினா 2 நாளாவது வச்சுக்கங்க.

எண்ணும்போது நம்ம ஊர் காலண்டரையும் பக்கத்துல வச்சுக்கணும். புதுசா வர்றவங்க தவற விடறது இங்கதான்:

திருப்பூர்ல தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போற தொழிலாளிங்க திரும்பி வந்து லைன் முழுசா ஓட ஒரு வாரம் பத்து நாள் ஆயிடும். பாதி மெஷின் காலியா இருக்கற ஃபேக்டரிய எடுத்து ஒண்ணும் பண்ண முடியாது. ஆயுத பூஜை சமயத்துல மெஷினை கழுவி பொட்டு வச்சிருப்பாங்க, அது பார்க்க அழகா இருக்கும், ஆனா ஓடாது.

முகூர்த்த நாள். கேமராமேன், ட்ரோன்காரர், லைட்மேன் பாதிப் பேர் கல்யாண வேலையும் பண்றவங்க. வைகாசி, ஆவணி, தை இந்த மாசங்கள்ல முகூர்த்தத்தன்னைக்கு ஷூட் வச்சா ஆள் கிடைக்க மாட்டாங்க, கிடைச்சாலும் ரேட் அதிகம். தினசரி காலண்டரை பார்த்துட்டு தேதி சொல்லுங்க. ஆடிலயும் மார்கழிலயும் எல்லாரும் ஃப்ரீ, ரேட்டும் பேசி குறைக்கலாம்.

மழை. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வெளிப்புற ஷாட் இருக்கற எந்த ஷூட்டுக்கும் ஒரு மாற்று நாள் சேர்த்தே புக் பண்ணுங்க.

அப்புறம் ஈபி ஷட்டவுன். மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு எடுத்தா சாயந்தரம் வரைக்கும் கரண்ட் இருக்காது, ஜெனரேட்டர்ல எல்லா மெஷினும் ஓட்ட மாட்டாங்க, டீசல் செலவு. முந்தின நாள் பேப்பர்ல வரும், ஆனா நமக்கு அது லேட். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா இந்த ஏரியாவுக்கு வழக்கமா மாசத்துல எந்த வாரம் எடுப்பாங்கன்னு முன்னாடியே சொல்லிடுவாரு.

4. கொட்டேஷன்லயே தேதியை எழுதுங்க

வாயால பேசினது, வாட்ஸ்ஆப்ல தம்ஸ்அப் போட்டது எதுவும் பின்னாடி நிக்காது. கொட்டேஷன் 2 பக்கம் போதும். முதல் பக்கம் என்ன வேலை, எவ்வளவு பணம். ரெண்டாவது பக்கம் முழுக்க தேதி. நான் எழுதற வரிங்களை அப்படியே குடுக்கறேன், உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

"இந்த விலையும் தேதிகளும் இன்றிலிருந்து 15 நாட்களுக்குச் செல்லும்."

"அட்வான்ஸ் கிடைக்கும் நாளே வேலையின் முதல் நாள்."

"ஸ்கிரிப்ட், ரஃப் கட், ஃபைன் கட் மூன்றுக்கும் தங்கள் கருத்து குறிப்பிட்ட தேதிக்குள் ஒரே மெயிலாக வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் டெலிவரி தேதி குறைந்தது ஒரு நாள் தள்ளிப்போகும்."

"ரஃப் கட்டில் ஒரு முறை, ஃபைன் கட்டில் ஒரு முறை திருத்தம் இந்த விலையில் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம்."

"ஷூட்டிங்குக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் தேதியை மாற்றினால் அன்றைய வாடகை, ஆள் கூலி தங்கள் பொறுப்பு."

மூணாவது வரில "குறைந்தது"ன்னு போட்டிருக்கறதுக்கு காரணம் இருக்கு. அவங்க 3 நாள் லேட் பண்ணினா நம்ம எடிட்டர் அந்த நேரத்துக்கு அடுத்த வேலைய எடுத்திருப்பாரு, அதை முடிச்சுட்டுத்தான் வர முடியும், 3 நாள் தாமதம் 6 நாளா ஆகலாம். இதை மீட்டிங்லயே நேர்ல விளக்கிடுங்க, பேப்பர்ல மட்டும் எழுதி வச்சா யாரும் படிக்க மாட்டாங்க.

சில பேர் "2 நாள்ல பதில் வரலன்னா ஓகேன்னு எடுத்துக்குவோம்"னு எழுதறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பதில் சொல்லாதவர் கடைசில பார்த்துட்டு மாத்தச் சொல்லத்தான் போறாரு, அப்ப இந்த வரிய காட்டி நாம சண்டை போட முடியுமா, அடுத்த வேலை வேண்டாமா? தேதி தள்ளிப்போகும்னு எழுதறதுதான் ரெண்டு பேருக்கும் நியாயம்.

ஒரு ஃபோல்டர்ல கண்டிப்பா இருக்க வேண்டிய பேப்பர்: கொட்டேஷன், அதுக்கு அவங்க ஒத்துக்கிட்ட மெயில் இல்லன்னா பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), ஸ்கிரிப்ட் ஓகேன்னு சொன்ன மெயில், வீடியோல முகம் தெரியற தொழிலாளிங்ககிட்ட வாங்கின சம்மதக் கடிதம் (இதை எச்ஆரே வாங்கித் தரட்டும், ஷூட்டுக்கு முன்னாடி), மியூசிக் லைசென்ஸ், ட்ரோன் இருந்தா அதோட பேப்பர். பெரிய கம்பெனிங்கள்ல பிஓ வர்றதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி அவங்க சிஸ்டம்ல உங்கள வெண்டரா ஏத்தணும், பான் கார்டு, கேன்சல் செக், ஜிஎஸ்டி இருந்தா அந்த சர்டிபிகேட் எல்லாம் கேட்பாங்க. இந்த நாளையும் ஸ்கெட்யூல்ல போடுங்க. பிஓ நம்பர் இல்லாம போட்ட பில் அக்கவுண்ட்ஸ்ல அப்படியே கிடக்கும், யாரும் கூப்பிட்டும் சொல்ல மாட்டாங்க.

5. பணத்தையும் தேதியோட கட்டுங்க

50% அட்வான்ஸ், ஷூட் முடிஞ்ச மறுநாள் 30%, மாஸ்டர் ஃபைல் (முழு குவாலிட்டில இருக்கற ஃபைனல் வீடியோ) குடுக்கறதுக்கு முன்னாடி 20%. நான் முன்னாடி 50-50ன்னு வச்சிருந்தேன், அதுல என்ன ஆகும்னா ஷூட் செலவுல அட்வான்ஸ் முழுசும் போயிடும், எடிட்டிங் நடக்கற காலம் முழுக்க கைல ஒண்ணும் இருக்காது, கிளையண்ட் இழுக்க இழுக்க நமக்குத்தான் வட்டி. நடுவுல ஒரு 30% இருந்தா மூச்சு விடலாம்.

அட்வான்ஸ் வராம ஷூட் தேதி சொல்லாதீங்க. "நாளைக்கு போட்டுடறோங்க, நீங்க ஆள் புக் பண்ணிடுங்க"ன்னு சொல்வாங்க, நல்லவங்களாத்தான் இருப்பாங்க, ஆனா நாளைக்கு அக்கவுண்டன்ட் லீவு. எனக்கு ஒரு ஷூட் நாளுக்கு கேமரா லென்ஸ் வாடகை, லைட், கேமராமேன், அசிஸ்டெண்ட், வண்டி, சாப்பாடு, பேட்டா எல்லாம் சேர்த்து 30,000 ரூபா பக்கம் ஆகுது, அது ரத்தானா பாதியாவது குடுத்தே ஆகணும்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு கட்டாயம், நம்ம வேலைக்கு 18%. பதிவு இருக்கறவங்க கவனிக்க வேண்டியது, சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினாலே அந்த தொகைக்கு ஜிஎஸ்டி கட்டற பொறுப்பு வந்துடும், அதனால அட்வான்ஸ் கேட்கும்போதே 18% சேர்த்துக் கேளுங்க, இல்லன்னா உங்க கைலருந்து போகும். டிடிஎஸ்ஸும் (நம்ம பில் பணத்துலருந்து முன்கூட்டியே கழிக்கற வருமானவரி) பிடிப்பாங்க, உங்க பில்லை அவங்க காண்ட்ராக்ட்னு எழுதறாங்களா புரொஃபஷனல் ஃபீஸ்னு எழுதறாங்களான்றத பொறுத்து 1%, 2%, 10% ன்னு மாறும். அக்கவுண்ட்ஸ்ல முன்னாடியே கேட்டுக்கங்க. பான் நம்பர் குடுக்கலன்னா 20% போயிடும்.

6. ஷூட் நாளுக்கு முந்தின வாரம்

ட்ரோன் ஷாட் கேட்டா அதைத்தான் முதல்ல பாருங்க, ஏன்னா அதுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராமுக்கு மேல இருக்கற ட்ரோனை தொழிலுக்கு ஓட்டணும்னா ட்ரோனுக்கு பதிவு எண்ணும் ஓட்டறவருக்கு பைலட் சர்டிபிகேட்டும் வேணும். டிஜிட்டல் ஸ்கை மேப்ல இடத்தைப் போட்டுப் பார்த்தா பச்சை, மஞ்சள், சிவப்புன்னு காட்டும். பச்சைல 400 அடி வரைக்கும் தனி அனுமதி வேண்டாம், ஏர்போர்ட் எல்லைல இருந்து 8 கிலோமீட்டர் தாண்டி 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடி வரைக்கும்தான். கோயம்புத்தூர்காரங்களுக்கு இது பெரிய விஷயம், பீளமேட்டுல ஏர்போர்ட் ஊருக்குள்ளயே இருக்கு, கிழக்குல சூலூர்ல விமானப்படைத் தளம் இருக்கு, அவிநாசி ரோட்டுல இருக்கற பல கம்பெனிங்களுக்கு மேல சும்மா பறக்க விட முடியாது. ஸ்கிரிப்ட்ல ட்ரோன் ஷாட் எழுதறதுக்கு முன்னாடியே மேப்பை பார்த்துடுங்க. அனுமதி கிடைக்கலன்னா பக்கத்து பில்டிங் மொட்டை மாடி ஷாட்டை ரெண்டாவது பிளானா வச்சுக்கங்க.

கால்ஷீட் ஒரு பக்கம் போட்டு முந்தின நாள் மதியத்துக்குள்ள எல்லாருக்கும் அனுப்புங்க: எத்தனை மணிக்கு எங்க, எந்த ஷாட் எந்த நேரத்துல, கிளையண்ட் பக்கம் யாரு கூட இருப்பாங்க, அவங்க நம்பர். நேரம் போடும்போது ஃபேக்டரி நேரத்தைப் பாருங்க. திருப்பூர்ல காலைல எட்டரைக்கு லைன் ஆரம்பிக்கும், காலைலயும் சாயந்தரமும் டீ பிரேக் உண்டு, மதியம் சாப்பாடு ஒரு மணி நேரம், அந்த நேரமெல்லாம் லைன் காலி. அந்த காலி நேரத்துல எம்டி பேட்டி, ஆபீஸ் ஷாட், துணி க்ளோஸப் இதை வச்சுக்கலாம். எம்டி பேட்டிய மட்டும் முதல் நாள் காலைல வச்சுடுங்க, ரெண்டாவது நாள் சாயந்தரம்னு வச்சா அவருக்கு ஏதாவது அவசரம் வந்து வேற தேதி போகும், அந்த ஒரு பேட்டிக்காக மறுபடி லைட், கேமரா எல்லாம் வாடகைக்கு எடுக்கணும்.

லைட் யூனிட்டுக்கு காலைல 6லருந்து சாயந்தரம் 6 ஒரு கால்ஷீட், இங்க கால்ஷீட்னா ஒரு ஷிஃப்ட். அதுக்கு மேல போனா ஒன்றரை மடங்கு கூலி, ராத்திரி ரொம்ப நேரமானா டபுள். சாயந்தரம் 5 மணிக்கே மீதி எத்தனை ஷாட்னு எண்ணிட்டு, தாண்டும்னு தெரிஞ்சா அங்கயே கிளையண்ட்கிட்ட சொல்லிடுங்க. பில்லுல போட்டு சொன்னா கசப்பாயிடும்.

7. ஃபுட்டேஜ் காப்பி பண்ற நேரமும் வேலை நேரம்தான்

நிறைய பேர் இதைக் கணக்குலயே சேர்க்கறதில்ல. 100 எம்பிபிஎஸ்ல 4கே எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 256 ஜிபி கார்டை சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ண 35, 40 நிமிஷம் ஆகும், ரெண்டு டிஸ்க்ல போடணும்னா அதைப் போல ரெண்டு மடங்கு. ஷூட் முடிஞ்ச ராத்திரி தூக்கத்துல இதைப் பண்ணாதீங்க, மதிய சாப்பாட்டு நேரத்துல முதல் கார்டை ஆரம்பிச்சுடுங்க. ரெண்டு டிஸ்க்ல ஏறி, ஓப்பன் பண்ணி பார்த்ததுக்கு அப்புறம்தான் கார்டை ஃபார்மேட் பண்ணணும். ரெண்டு டிஸ்க்கும் ஒரே பைல இருக்கக் கூடாது.

8. ரிவ்யூ: இங்கதான் தேதியெல்லாம் நழுவும்

ரஃப் கட் அனுப்பும்போது "பார்த்துட்டு சொல்லுங்க சார்"னு எழுதாதீங்க. நான் இப்படி எழுதுவேன்: "சார், ரஃப் கட் லிங்க் கீழே. கலர், மியூசிக், வாய்ஸ் இன்னும் சேர்க்கல, இது வரிசை சரியா இருக்கான்னு பார்க்க மட்டும். எந்த நிமிஷம் எந்த செகண்ட்னு குறிச்சு வியாழன் சாயந்தரம் 5 மணிக்குள்ள ஒரே மெயிலா அனுப்பினீங்கன்னா திங்கள் ஃபைன் கட் வந்துடும். வெள்ளின்னா ஃபைன் கட் புதன் ஆயிடும்." கிழமை, மணி, தள்ளினா என்ன ஆகும், மூணும் இருக்கணும். முந்தின நாள் ஒரு ஞாபக மெசேஜ், அன்னைக்கு மதியம் ஒரு ஃபோன். அதுக்கு மேல துரத்த வேண்டாம், 5 மணி தாண்டினா அன்னைக்கே புது தேதி போட்டு ஸ்கெட்யூலை மறுபடி அனுப்பிடுங்க, கோபமா எதுவும் எழுத வேண்டாம், "மாற்றிய தேதிகள் இணைப்பில்"னு ஒரு வரி போதும். நான் இதை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ரெண்டாவது தடவை லேட் பண்ண கிளையண்ட் ரொம்ப கம்மி.

வாட்ஸ்ஆப்ல வீடியோவா அனுப்பாதீங்க, அது அழுத்தி குவாலிட்டிய கெடுத்துடும், அப்புறம் "ஏன் மங்கலா இருக்கு"ன்னு ஒரு நாள் போகும். டிரைவ் லிங்க் அனுப்புங்க, இல்ல ஃப்ரேம் ஐஓ மாதிரி வீடியோ மேலயே கமெண்ட் போடற இடத்துல ஏத்துங்க. வயசானவங்களுக்கு லிங்க் எல்லாம் சிரமம், அவங்களுக்கு நான் லேப்டாப்பை எடுத்துட்டு நேர்லயே போயிடுவேன், அரை மணி நேரத்துல முடிஞ்சுடும், அது ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். ஏத்தற நேரத்தையும் கணக்குல வையுங்க, 20 எம்பிபிஎஸ் அப்லோடுல 10 ஜிபி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பார்க்கறதுக்கு 300, 400 எம்பி ஃபைல் போதும்.

11 பேர் இருக்கற வாட்ஸ்ஆப் குரூப்ல லிங்க் போடச் சொன்னா போடுங்க, ஆனா கருத்து மட்டும் ரெண்டாவது ஸ்டெப்ல எழுதி வாங்கின அந்த ஒருத்தர்கிட்ட இருந்துதான் எடுத்துக்கணும். ஒருத்தர் நீளம்னு சொல்வாரு, இன்னொருத்தர் இதையும் சேருங்கன்னு சொல்வாரு, ரெண்டையும் நாம கேட்டா பைத்தியம் பிடிச்சுடும்.

9. பிக்சர் லாக்

ஃபைன் கட் ஓகே ஆனதும் "இனிமே காட்சி மாறாது"ன்னு ஒரு மெயில் வாங்கிடுங்க. அதுக்கப்புறம்தான் வாய்ஸ் ஓவர் பண்ற ஆளைக் கூப்பிடணும். லாக் ஆகறதுக்கு முன்னாடி வாய்ஸ் எடுத்தா ஒரு வரி மாறினாலும் அவரை மறுபடி ஸ்டுடியோவுக்கு கூப்பிட்டு மறுபடி பணம் குடுக்கணும். தமிழ் வாய்ஸ் ஓவர் என் அனுபவத்துல நிமிஷத்துக்கு 90, 100 வார்த்தைதான் நிதானமா வரும், இங்கிலீஷ் ஸ்கிரிப்ட்டை மொழிபெயர்த்து அப்படியே குடுத்தா நீளம் தாண்டிடும், ஸ்கிரிப்ட் கட்டத்துலயே சத்தமா படிச்சு நேரம் பார்த்துக்கங்க.

திரைல வர்ற பேர், பதவி, ஊர் எல்லாத்தையும் கிளையண்டையே யூனிகோட்ல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணி வேர்ட் ஃபைலா அனுப்புவாங்க, நம்ம சிஸ்டம்ல எல்லாம் சம்பந்தமில்லாத எழுத்தா வரும். பிரீமியர்லயும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்லயும் டெக்ஸ்ட் செட்டிங்ஸ்ல சவுத் ஏஷியன் எஞ்சினை ஆன் பண்ணலன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும். தமிழ் டைட்டில் இருக்கற வேலைக்கு நான் ஒரு நாள் கூடுதலா வைக்கறேன்.

10. நம்ம பக்கம் தாமதமானா

ஆகும். எடிட்டருக்கு காய்ச்சல் வரும், டிஸ்க் மக்கர் பண்ணும். தெரிஞ்ச அன்னைக்கே ஃபோன் பண்ணி சொல்லிடுங்க, புது தேதியையும் சேர்த்து சொல்லுங்க, அந்த புது தேதிய மட்டும் மறுபடி மாத்தாதீங்க. டெலிவரி அன்னைக்கு காலைல சொன்னா நம்ம மேல இருந்த நம்பிக்கை அதோட போச்சு. 4 நாள் பாதுகாப்பு வச்சது இதுக்குத்தான், பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிடும். ஒரே வாரத்துல ரெண்டு ரஃப் கட் விழற மாதிரி வேலை ஒத்துக்காதீங்க, ஷூட்டை அடுத்தடுத்து வைக்கலாம், எடிட்டிங்கை வைக்க முடியாது.

இதையெல்லாம் வச்சுக்க பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு கூகுள் ஷீட், நாலு காலம்: வேலை, யார் பொறுப்பு, முடிய வேண்டிய தேதி, முடிஞ்ச தேதி. கிளையண்டுக்கு பார்க்கற மாதிரி மட்டும் ஷேர் பண்ணுங்க. கடைசில இருக்கற "முடிஞ்ச தேதி"ய தினமும் சாயந்தரம் நிரப்புங்க, அடுத்த கொட்டேஷன் போடும்போது எதுக்கு எத்தனை நாள் நிஜமா ஆச்சுன்னு அதுல இருந்துதான் எடுக்கணும்.

11. கடைசி பில்

மாஸ்டர் குடுக்கறதுக்கு முன்னாடி 20%ன்னு எழுதியிருந்தாலும் பெரிய கம்பெனிங்க டெலிவரிக்கு அப்புறம்தான் தருவாங்க. அதுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்னு அரசுகிட்ட பண்ற பதிவு) பண்ணி வச்சுக்கங்க, அரசு போர்ட்டல்ல ஆதார், பான் வச்சு நாமளே பண்ணலாம், கட்டணம் கிடையாது, யாராவது 2,000, 3,000 கேட்டா குடுக்காதீங்க. பதிவு இருக்கற குறு, சிறு தொழிலுக்கு 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் வந்தாகணும், ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்ல. தாண்டினா ரிசர்வ் வங்கி வட்டியப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை இருக்கு. அதோட 2024 ஏப்ரல்ல இருந்து, இந்த கெடுவுக்குள்ள பணம் குடுக்காத கம்பெனி அந்த தொகைய அந்த வருஷ செலவா வருமானவரில காட்ட முடியாது, குடுக்கற வருஷத்துலதான் காட்ட முடியும். இதனாலயே மார்ச் மாசம் அக்கவுண்ட்ஸ்ல இருந்து அவங்களே கூப்பிட்டு உத்யம் நம்பர் கேட்கறாங்க. பில்லுல உத்யம் நம்பரையும் பணம் வர வேண்டிய தேதியையும் அச்சடிச்சே வையுங்க. "45 நாள்ல"ன்னு எழுதாம நாள், மாசம், வருஷம்னு முழு தேதியா போடுங்க.

ரா ஃபுட்டேஜ் எத்தனை நாள் வச்சிருப்போம்னும் எழுதிக் குடுத்துடுங்க, நான் 90 நாள்னு போடறேன். 80ஆவது நாள் ஒரு மெயில்: வேணும்னா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அனுப்புங்க, காப்பி பண்ணித் தர்றோம், இல்லன்னா 90ஆவது நாளுக்கப்புறம் அழிச்சுடுவோம். பாதிப் பேர் டிஸ்க் அனுப்பறாங்க, ரெண்டு பேர் அந்த மெயிலைப் பார்த்துட்டு அடுத்த வீடியோவுக்கு ஆர்டரே குடுத்திருக்காங்க.